தினமும் உடன் வைத்திருக்க ஏற்றது எது: சிறிய உறைக்கத்தியா, மடக்குக் கத்தியா?

சொட்டுநீர்_வாடிப்பட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் வட்டாரத் தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாய்களைப் பதிப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். உரமூட்டையின் தையலைப் பிரிப்பதில் தொடங்கி, அணில் கடித்து ஓட்டை போட்ட லேட்டரல் குழாயை (செடி வரிசையில் ஓடும் கிளைக்குழாயை) வெட்டி இணைப்பது, மூடாக்குத் தாளைக் கிழிப்பது, வாழைச் சருகை ஒதுக்கி வால்வைத் தேடுவது என்று நாள் முழுவதும் கத்திக்கு வேலை இருக்கிறது. 12 மில்லிமீட்டர், 16 மில்லிமீட்டர் குழாய்களைச் செங்குத்தாக நறுக்க வேண்டும். வெட்டு சாய்ந்துவிட்டால் இணைப்பான் முழுமையாக உள்ளே அமராமல் அந்த இடத்திலேயே கசியத் தொடங்கிவிடும்.

இதுவரை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் பிளேடு கட்டரைத்தான் வைத்திருந்தேன். ஒடிந்த துண்டுகள் வரப்பில் விழுந்து, வெறுங்காலோடு வேலை செய்பவர்களின் காலில் ஏறிவிடும் என்ற அச்சத்தால் அதைக் கைவிட முடிவு செய்திருக்கிறேன். இப்போது என் முன்னே இருப்பவை இரண்டு. ஒன்று, சுமார் 3 அங்குல அலகுள்ள, மடங்காத, உறையோடு கூடிய சிறிய கத்தி. மற்றொன்று, அதே அளவு அலகுள்ள மடக்குக் கத்தி.

வேலைக்கு மட்டும் என்றால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். பிற்பகலில் உதிரிப் பாகங்கள் வாங்க மதுரை நகருக்குள் வர வேண்டியிருக்கிறது. வங்கி, பத்திரப்பதிவு அலுவலகம், சில நாட்களில் கோயில் என்று அப்படியே போய்விடுகிறேன். வாகனச் சோதனையில் இடுப்பில் கத்தியோடு நிற்க எனக்கு விருப்பமில்லை. நான் ஓட்டுவது டிவிஎஸ் எக்ஸ்எல். பாதி நாள் பேன்ட், பாதி நாள் வேட்டியும் பச்சை பெல்ட்டும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாற்றங்கால்_சோழவந்தான் பதில்:

ஐயா, தோட்ட வேலைக்கு மடங்காத கத்திதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மா, கொய்யா, சப்போட்டா ஒட்டுச் செடிகளை உருவாக்கும் நாற்றங்காலை நடத்துகிறேன் என்பதால், கத்தியின் நன்மை தீமைகளை வெட்டும்போது பார்ப்பதை விட வெட்டி முடித்த பிறகுதான் அதிகம் பார்க்கிறேன். மடக்குக் கத்தியின் அலகு உள்ளே சென்று படுத்துக்கொள்ளும் அந்தப் பள்ளம்தான் எல்லாத் தொல்லைகளுக்கும் இருப்பிடம். வாழைச்சாறும் மாம்பாலும் அலகோடு உள்ளே போய், வைகைக் கரை வண்டலின் நுண்ணிய தூளோடு கலந்து, அச்சாணியைச் சுற்றிக் கறுப்புப் பசையாக இறுகிவிடும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் நகம் உடையும் அளவுக்கு இழுத்தால்தான் அலகு வெளியே வரும். பூட்டு உள்ள கத்தியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பூட்டு வந்து அமர வேண்டிய இடத்தில் மண் இருந்தால் அது முழுமையாக விழாது, ஆனால் விழுந்துவிட்டது போல நமக்குத் தோன்றும். மடங்காத கத்தியை மோட்டார் தண்ணீரில் ஒரு முறை காட்டி, துண்டில் துடைத்து, உறையில் செருகினால் வேலை முடிந்தது.

நோய் பரவுவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு செடியை வெட்டிய கத்தியால் அடுத்ததை வெட்டும்முன் ஸ்பிரிட் நனைத்த துணியால் அலகைத் துடைப்பது எங்கள் வழக்கம். மடக்குக் கத்தியில் அலகைத் துடைக்கலாம், அச்சாணிக்குள் தங்கிய சாற்றைத் துடைக்க இயலாது. (பிளீச்சிங் கரைசலில் முக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, கிருமிக்கு நல்லதுதான், கத்திக்குத்தான் ஆகாது. எஃகை அது விரைவில் அரித்துவிடும்.)

இவ்வளவு சொல்லும் நானே ஒட்டுக்கட்டுவதற்கு மடக்குக் கத்தியைத்தான் பயன்படுத்துகிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒட்டுக் கத்தியின் வாய் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் தீட்டப்பட்டு, சவரக் கத்தியைப் போல மெல்லியதாக இருக்கும். ஒட்டுக்குச்சியில் (ஒட்டுவதற்கு எடுக்கும் கிளைத்துண்டில்) தட்டையான, ஒரே இழுப்பிலான வெட்டு விழுந்தால்தான், அதைத் தாங்கும் வேர்ச்செடியின் பட்டையோடு அது பொருந்தும். அந்த வாயைப் பாதுகாக்கத்தான் மடக்குகிறோம். அதைக் கொண்டு மூட்டையோ குழாயோ அறுப்பதில்லை, யாரையும் அறுக்க விடுவதுமில்லை.

நீங்கள் வாங்கும்போது கத்தியைப் பார்ப்பதற்குச் சமமாக உறையையும் பாருங்கள். தோல் உறை பார்வைக்கு அழகு. ஐப்பசி மழையில் நனைந்தால் இரண்டு மூன்று நாட்கள் ஈரத்தை விடாது, அதற்குள் அலகில் உறையின் ஓரம் படும் இடத்தில் கோடு போட்டது போலத் துரு ஏறியிருக்கும். அடியில் நீர் வடிய ஓட்டை உள்ள கெட்டியான பிளாஸ்டிக் உறைதான் நம் வேலைக்குச் சரி. கடையிலேயே கத்தியை உறையில் போட்டு, தலைகீழாகப் பிடித்து, முழங்கையிலிருந்து நன்றாக உதறிப் பாருங்கள். சிறிதளவு நழுவினாலும் வேண்டாம். எக்ஸ்எல் வண்டியில் மேடு பள்ளத்தில் போகும்போது அது வெளியே வந்தால் தொடையில்தான் இறங்கும். இடுப்பில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் வண்டியில் உட்காரும்போது உறையின் முனை இருக்கையில் முட்டி, பிடி விலாவில் குத்தும். படுக்கை வாட்டத்தில் பெல்ட்டோடு கட்டிக்கொள்ளுங்கள், அல்லது வண்டியின் முன்பக்கப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்குரை_மேலூர் பதில்:

முந்தைய நண்பர் வேலையின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். சட்டத்தின் பக்கத்தை நான் சொல்கிறேன். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குரைஞராகத் தொழில் செய்பவன் என்ற முறையில் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தாக்குவதற்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட அல்லது அவ்வாறு மாற்றியமைக்கப்பட்ட பொருளைத்தான் ஆயுதம் என்கிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கோ விவசாயப் பயன்பாட்டுக்கோ மட்டுமே உருவான பொருள்களை அந்த வரையறையிலிருந்து விலக்கியும் வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகளை ஐந்தாம் வகையில் சேர்த்திருக்கின்றன; அங்கும் வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைத்தவை நீங்கலாகத்தான். உங்கள் 3 அங்குலக் கத்தி, மடங்கினாலும் மடங்காவிட்டாலும், இந்த அளவுகளுக்கு வெகுதூரம் உள்ளேயே நிற்கிறது. மடக்குக் கத்தி என்றால் சட்டப்படி சரி, உறைக்கத்தி என்றால் தவறு என்று சிலர் நினைத்துக்கொண்டிருப்பதற்கு இந்தச் சட்டத்தில் ஆதாரமில்லை. உண்மையில் மடங்கும் கத்திகளில் ஒரு வகைதான் வேறிடங்களில் சிக்கலுக்கு ஆளாகியிருக்கிறது. டெல்லியில் 1980ஆம் ஆண்டின் அறிவிக்கை, பொத்தானாலோ ஸ்பிரிங்காலோ திறக்கும், 7.62 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அலகுள்ள கத்திகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அது டெல்லிக்கு உரியது என்றாலும், பொத்தான் கத்தியை எந்த ஊரிலும் வாங்காதீர்கள் என்பதே என் ஆலோசனை.

ஆனால், சாலையில் உங்களை நிறுத்தும் காவலர் அளவுகோலோடு நிற்பதில்லை. அவர் பார்ப்பது நேரம், இடம், உங்கள் பதில் ஆகியவற்றை. காலை பத்து மணிக்கு, வண்டியில் குழாய்ச் சுருளும் இணைப்பான் டப்பாவும் இருக்க, அவற்றோடு ஒரு கத்தியும் இருந்தால் அது தொழிற்கருவி. அதே கத்தி இரவு பதினொரு மணிக்கு, வெறும் இடுப்பில், சட்டைக்கு அடியில் இருந்தால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள். இங்கே பலர் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும்: எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டவுடன், “ஒரு பாதுகாப்புக்குத்தான் சார்” என்று சொல்லிவிடுகிறார்கள். தற்காப்புக்கான ஆயுதம் என்ற சொற்கள் சட்டத்தின் வரையறையிலேயே இருப்பதால், தொழிற்கருவியாக இருந்த பொருளைத் தங்கள் வாயாலேயே ஆயுதமாக்கிக்கொள்கிறார்கள். உண்மை என்னவோ அதை மட்டும் சொல்லுங்கள்; குழாய் வெட்டுவதற்கு என்றால் குழாய் வெட்டுவதற்கு.

நாட்களையும் பார்க்க வேண்டும். சித்திரைத் திருவிழாவின்போதும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் குருபூசை நாட்களிலும் மதுரையைச் சுற்றிய சாலைகளில் சோதனை கடுமையாக இருக்கும். தடை உத்தரவுகளும் வருவதுண்டு. முன்பு 144 என்று சொல்லிவந்தோமே, 2024 ஜூலை 1 முதல் அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு. அத்தகைய உத்தரவில் ஆயுதங்கள், கூரிய பொருள்கள் எடுத்துச் செல்லத் தடை இருந்தால் உங்கள் விளக்கம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் பயன் குறைவு. அந்த நாட்களில் கத்தி தோட்டத்திலேயே தங்கட்டும்.

மீனாட்சி அம்மன் கோயில் வாசல்களில் சோதனை உண்டு. கைப்பேசியையே உள்ளே விடாத இடத்தில் கத்தியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நீதிமன்ற வளாகமும் அப்படித்தான். விமான நிலையத்தில் கைப்பையில் வைக்க முடியாது. பதிவு செய்து அனுப்பும் பெட்டியில் வைத்து அனுப்பலாம்.

கடைசியாக, கத்தி சிறியது என்பதற்காக விளைவும் சிறியது என்று நினைக்க வேண்டாம். டீக்கடைத் தகராறில் பேனாக்கத்தியை நீட்டி ஒருவருக்குக் கீறல் விழுந்தாலும், வெறுங்கையால் அடித்த வழக்காக அது இராது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆம் பிரிவில் ஆயுதத்தால் காயம் ஏற்படுத்திய வழக்காக வந்து நிற்கும்.

வயரிங்_சிம்மக்கல் பதில்:

வழக்குரைஞர் ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சட்டமும் காவல்துறையும் இருக்கட்டும். வீட்டு மனிதர்களின் பார்வை என்று ஒன்று இருக்கிறது. நான் வீடு வீடாகச் சென்று மின்பணி செய்பவன். கூடத்தில் நின்றுகொண்டு உறையிலிருந்து கத்தியை உருவினால், அது இரண்டரை அங்குலமாக இருந்தாலும், அந்த வீட்டு அம்மாவின் முகம் மாறிவிடும்; குழந்தையைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொள்வார். விக்டோரினாக்ஸ் போன்ற சிவப்புப் பேனாக்கத்தியை இரண்டு கையாலும் மெதுவாகத் திறந்தால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. அதில் பாட்டில் திறப்பானின் முனையே திருப்புளியாகவும், அதன் அடியில் உள்ள வெட்டு வயர் உரிப்பதற்கும் உதவும் என்பது எனக்குக் கூடுதல் வசதி. கறுப்பு வண்ணம் பூசிய, ஒரு விரலால் தட்டித் திறக்கும் கத்திகள் இணையத்தில் விலை குறைவாகக் கிடைக்கின்றன; அவற்றைத் திறக்கும் ஓசையே நம்மை வேறு ஆளாகக் காட்டும்.

ஆனால் பேனாக்கத்தியில் பூட்டு கிடையாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் இறுக்கம் மட்டுமே அலகை நிறுத்தி வைக்கிறது. இழுத்து அறுக்கும் வரை பாதகமில்லை. முனையால் குத்தித் துளையிட முயன்றாலோ, சாக்கில் சிக்கிய அலகைப் பின்பக்கமாக ஆட்டினாலோ விரலின் மேல் மடங்கிவிடும். குத்தும் வேலை உங்களுக்கு இருந்தால் பூட்டு உள்ளதாக வாங்குங்கள். ஓப்பினெல் கத்தியில் கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்பினால் அலகு நின்றுவிடும். எளிமையான, பழுதாகாத ஏற்பாடு. பிடி மரத்தால் ஆனது என்பதால் மழையில் ஊறிப் பருத்து, அலகு திறக்க மறுக்கும் என்பது அதன் குறை. தண்ணீரிலேயே நிற்கும் உங்களுக்கு அது எந்த அளவு ஒத்துவரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பட்டறை_திருப்பாச்சேத்தி பதில்:

தம்பி, வெளிநாட்டுக் கத்திகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மதுரையிலிருந்து இராமேசுவரம் சாலையில் வந்தால் எங்கள் ஊர். அருவாளுக்குப் பெயர் போன ஊர் என்பதால் சிறு கத்தி அடிக்க மாட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். லாரி கமான் பட்டையில் ஒரு துண்டு இருந்தால் போதும், மூன்று அங்குலக் கத்தி அடித்துத் தரலாம்.

கமான் பட்டை வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த எஃகு என்பதால் எளிதில் ஒடியாது. காய்ச்சிய இரும்பைச் சரியாகத் தோய்த்து (சட்டென்று குளிர வைத்து), பிறகு மிதமான சூட்டில் பதம் இறக்கினால் (விறைப்பைக் கொஞ்சம் தளர்த்தினால்) வாயும் நிற்கும், முதுகும் தாங்கும். பதம் இறக்காமல் கொடுத்துவிட்டால் முதல் கல்லில் பட்டவுடன் வாய் பல் பல்லாகப் பெயரும். அதிகம் இறக்கிவிட்டால் வாரத்துக்கு ஒரு முறை சாணை பிடிக்க வேண்டி வரும். தீட்டித் துலக்கிய இரும்பைச் சூடேற்றும்போது வைக்கோல் நிறம் வந்து, பழுப்பாகி, பிறகு நீலத்துக்குப் போகும். சிறிய கத்திக்கு நீலம் வரும்வரை விடக் கூடாது. வாங்குபவர் அதைப் பார்க்க முடியாது என்பதால், நம்பிக்கையான பட்டறையில் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் போகிறது என்று கேளுங்கள். பிடியின் கடைசி வரை பட்டையாகப் போய், இரண்டு பக்கமும் மரம் வைத்து ஆணி அறைந்தது நீடிக்கும். குச்சி போல உள்ளே கொஞ்சம் நுழைந்து நிற்பது, எதையாவது நெம்பும்போது கழன்று, பிடி மட்டும் கையோடு வரும். கமான் பட்டைக் கத்தி துருப்பிடிக்கும் என்பதை மறைக்கவில்லை. வாழைச்சாறு பட்டால் முதல் நாளே கறுக்கும்; அந்தக் கறுப்பைத் தேய்த்து எடுக்காதீர்கள், அது கெடுதல் செய்யாது. செந்நிறத் துருவைத்தான் விடக் கூடாது. துருவைப் பற்றிய கவலையே வேண்டாம் என்றால் எவர்சில்வர் கத்தி வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

ஒரு விவரம். 2021இல் காவல்துறை பட்டறைக்காரர்களை அழைத்து, வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் எழுதி வைக்கச் சொன்னது. ஆகவே பட்டறைக்கு வரும்போது ஆதார் அட்டையைக் கொண்டு வாருங்கள். எழுதிக்கொள்கிறோம் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கையால் எழுதிய ரசீது ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். விவசாயக் கருவி என்று அதில் எழுதியிருந்தால், வழியில் கேட்பவரிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டாவது கையில் இருக்கும்.

சொட்டுநீர்_வாடிப்பட்டி எழுதியது:

பதில் அளித்த எல்லோருக்கும் நன்றி. இரண்டில் ஒன்று என்று கேட்டேன். படித்த பிறகு இரண்டும் வெவ்வேறு இடத்துக்கு உரியவை என்று எடுத்துக்கொள்கிறேன். குழாய்ச் சுருளும் இணைப்பான்களும் வைத்திருக்கும் கருவிப் பையில், அவற்றோடு ஒன்றாக, ஓட்டை உள்ள பிளாஸ்டிக் உறையில் மடங்காத கத்தி ஒன்று இருக்கும். அது இடுப்புக்கு வராது. நகருக்குள் வரும் நாளில் அந்தப் பையைத் தோட்டத்து மோட்டார் அறையில் பூட்டிவிட்டு வருவேன். கடையில் பார்சல் கட்டு அறுப்பதற்கும் பழம் நறுக்குவதற்கும் பூட்டில்லாத சிறிய பேனாக்கத்தி பச்சை பெல்ட்டின் பையில் அடங்கிவிடுகிறது, வேட்டி நாளுக்கும் அது ஒத்துவரும். கோயிலுக்குப் போகும் நாளில் அதுவும் வீட்டில்.

பட்டறை அண்ணனிடம் ஒரு கேள்வி. இரண்டுக்கும் தேங்காய் எண்ணெய் போடலாமா?

பட்டறை_திருப்பாச்சேத்தி பதில்:

உறைக்கத்தியின் அலகில் மெல்லியதாகத் தடவலாம் தம்பி. அதால் பழம் நறுக்கிச் சாப்பிட்டாலும் கெடுதல் இல்லை. பேனாக்கத்தியின் அச்சாணிக்கு வேண்டாம். நாள்பட்டால் தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். வெந்நீரில் திறந்து மூடித் திறந்து மூடிக் கழுவி, வெயிலில் நன்றாக உலர வைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். மிகுந்து வழிவதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மடக்குங்கள்.